ஆயுத பூஜைக்கு ஓய்வெடுத்த சர்வர்

என் மனைவி இறந்த பிறகும் அவளுடைய மெயில் பெட்டி எங்கள் அலுவலகத்தில் திறந்தே இருந்தது. அதை மூட வேண்டியவன் நான்தான். வேலையை விட்டுப் போகிறவர்களின் பெட்டியை மூடுவது, புதிதாக வருகிறவர்களுக்குத் திறந்து கொடுப்பது, பாஸ்வேர்டை மறந்துவிட்டு வந்து நிற்பவர்களைத் திட்டாமல் மாற்றித் தருவது, இதற்குத்தான் எனக்குச் சம்பளம். மற்றவர்களுடையதை எல்லாம் மூடினேன். அவளுடையதை மூடவில்லை. அது மூடப்படக் கூடாது என்பது ஒன்றுதான் அந்தக் காலத்தில் எனக்கு இருந்த ஆசை. மற்றபடி உள்ளே எல்லாம் மரத்துப் போயிருந்தது. தட்டில் வைத்தால் சாப்பிட்டேன், பஸ் வந்தால் ஏறினேன்.

எங்கள் அலுவலகம் தொம்மலூரில், பழைய ஊர்ப்பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிறது. பட்டறை ஊருக்கு வெளியே, ஒசூர் ரோட்டில் சந்தாபுராவில். பித்தளை வால்வும் தண்ணீர்க் குழாயும் செய்து விற்கிறோம். அவள் விற்பனைப் பிரிவில் இருந்தாள். நான் கம்ப்யூட்டர், பிரிண்டர், ஃபோன் எல்லாவற்றுக்கும் ஆள். யாருடைய தலைக்கு மேல் ஃபேன் ஓடவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், அது என்ன கணக்கோ. இரண்டு பேரும் காலையில் ஒரே பஸ்ஸில் வருவோம், சாயங்காலம் ஒரே பஸ்ஸில் சண்டை போட்டுக்கொண்டு திரும்புவோம்.

ஆபரேஷனுக்குப் போவதற்கு முந்தின நாள் அவள் என் அறைக்கு வந்தாள். சர்வர் இருப்பதால் அந்த அறைக்கு மட்டும் ஏசி உண்டு. "மிஷினுக்கு ஏசி, மனுஷங்களுக்கு ஃபேனு. நல்லா இருக்குங்க உங்க நியாயம்" என்று வழக்கமான பாட்டைப் பாடி முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள்.

"ஏங்க, நான் லீவுல இருக்கறப்ப யாராச்சும் மெயில் போட்டா தானா பதில் போற மாதிரி பண்ணிக் குடுங்க. ஆனா ஒரே ஆளுக்குத் திருப்பித் திருப்பிப் போகக் கூடாது. ஒரு தடவை சொன்னா போதும். இல்லாட்டி என்னைப் பைத்தியம்னு நினைச்சுக்குவாங்க."

"இப்ப மட்டும் என்ன நினைக்கறாங்களாம்?" என்றேன். முதுகில் ஒன்று வைத்தாள்.

அவள் சொன்னபடியே செய்து கொடுத்தேன். வாசகத்தை அவளே ஆங்கிலத்தில் எழுதினாள். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: நான் விடுப்பில் இருக்கிறேன், திரும்பி வந்ததும் பதில் எழுதுகிறேன். யாருக்குப் பதில் போயிற்று என்று சர்வர் தனக்குள் ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளும். அந்த ஆள் மறுபடி எழுதினால் குறிப்பைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். மறுநாள் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது என்றார்கள். பிறகு காய்ச்சல் வந்தது. அவள் வீடு திரும்பவில்லை.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்கு வந்த முதல் நாள், சர்வரின் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது தினசரி வேலை, பேப்பர் பார்க்கிற மாதிரி. யாரோ ஒரு புது ஆள் அவளுக்கு எழுதியிருந்தார். அவளிடமிருந்து பதில் போயிருந்தது. திரும்பி வந்ததும் எழுதுகிறேன் என்று. பொய் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்தப் பொய்யை அவள் பெயரில் ஒன்று சொல்லிக்கொண்டிருந்தது, எனக்கு அது போதுமாக இருந்தது. அதற்குப் பிறகு தினமும் காலையில் காப்பியோடு உட்கார்ந்து, இன்றைக்கு யாருக்காவது பதில் போயிருக்கிறதா என்று பார்ப்பேன். சில நாள் இருக்கும், பல நாள் இருக்காது. இருந்தால் சந்தோஷம் என்றும் சொல்ல முடியாது. பார்ப்பேன், அவ்வளவுதான்.

அடுத்த வருஷ மழையில் சந்தில் தண்ணீர் ஏறி அலுவலகத்துக்குள் வந்துவிட்டது. சாக்கடையும் மழையும் ஒன்றாக வந்தன. சர்வரைத் தூக்கி மேஜைமேல் வைத்துவிட்டு மெயினை அணைத்தோம். நாள் முழுக்க மெயில் இல்லை. ஓனர் பேண்ட்டை முட்டிவரை மடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றார். கன்னடக்காரர்தான், ஆனால் பட்டறை ஆட்களோடு பழகிப் பழகித் தமிழ் சரளமாக வரும், நடுநடுவே கன்னடமும் விழும்; 'இல்லையா' என்பதற்கு 'அல்வா' என்பார்.

"ஏன்ப்பா, இதே மாதிரி இன்னொண்ணு சந்தாபுராவுல வெச்சா என்ன? இது முழுகினா அது இருக்கும் அல்வா?"

இருக்கும். ரெப்ளிகேஷன் என்று அதற்குப் பெயர். இரண்டு சர்வர், இங்கே ஒரு மெயில் வந்தால் உடனே அங்கே அதன் நகல் போய்விடும். அங்கே ஒன்றை அழித்தால் இங்கேயும் அழியும். எது எப்போது நின்றாலும் இன்னொன்று வேலை பார்க்கும், திரும்பி எழுந்ததும் விட்டுப்போனதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். சொல்லும்போது அழகாகத்தான் இருக்கும். செய்யும்போதுதான் தாலி அறுக்கும்.

வேலையைத் தொடங்கும் முன்பு ஓனர் சொன்னார்: "போனவங்க பெட்டி எல்லாம் எதுக்கு அங்க தூக்கிட்டுப் போறே? எடுத்துடு. இருக்கறவங்களை மட்டும் ஏத்து." மூடிய பெட்டிகளும் அழிக்கப்படாமல் கிடந்தன; எல்லாப் பெயரையும் திரையில் காட்டினேன். எதை எடுக்க, எதை வைக்க என்று அவர்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவர் அவள் பெயரில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது எடுக்கறது பேடா," என்றார். "இருக்கட்டும் விடு."

நான் தலையை ஆட்டினேன். நன்றி என்று சொல்லியிருக்க வேண்டும். அடுத்த பெயரைக் காட்டினேன்.

பிறகு அந்த இரண்டு மிஷினையும் பேச வைக்கிற பாடு. முதலில் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவே இல்லை; சந்தாபுராவில் நெட் கொடுக்கிறவர் அந்த வழியையே அடைத்து வைத்திருந்தார். அவரைக் கெஞ்சித் திறக்க வைத்தால், புதியது காட்டுகிற அடையாளச் சான்றிதழைப் பழையது நம்ப மாட்டேன் என்றது. அதைச் சரிசெய்தால், புதியதன் கடிகாரம் பின்தங்கி ஓடியது. எல்லாம் சரியாகி நகல் ஓடத் தொடங்கியதும் ரோட்டில் எவனோ பள்ளம் தோண்டிக் கேபிளை வெட்டினான். சந்தாபுரா ரோட்டுக்கு அப்படி என்ன சாபமோ, ஒருவன் மூடிவிட்டுப் போனால் இன்னொருவன் கடப்பாரையோடு வருவான். நான் யார்மேலும் கோபப்படவில்லை. முன்பென்றால் அந்தக் குழிக்குப் பக்கத்தில் நின்று கத்தியிருப்பேன். இப்போது டீ குடித்துக்கொண்டு கேபிளை ஒட்டுகிறவரை வேடிக்கை பார்த்தேன்.

கடைசியில் எல்லாப் பெட்டியும் அங்கே போய்ச் சேர்ந்தது, ஒன்றைத் தவிர. எது என்று சொல்ல வேண்டியதில்லை. அவளுடையது மட்டும் பாதியில் நின்றது, மறுபடி தொடங்கியது, மறுபடி அதே இடத்தில் நின்றது. ஏதோ ஒரு மெயிலுக்குச் சர்வர் குறித்து வைத்திருந்த அளவு ஒன்று, உண்மையான அளவு வேறு. கணக்கு ஒத்துப்போகாமல் அதிலேயே முட்டிக்கொண்டிருந்தது.

பெட்டியைத் திறந்து அது எந்த மெயில் என்று பார்ப்பது சுலபமான வழி. நான் திறக்கவில்லை. திறக்காமலே, வெளியிலிருந்தே அளவுகளை எல்லாம் புதிதாக எண்ணச் சொல்லும் வழி ஒன்று உண்டு. சுற்று வழி, நேரம் பிடிக்கும். அதைத்தான் செய்தேன். ஏன் திறக்கவில்லை என்று கேட்டால் மரியாதை என்று சொல்லிக்கொள்ளலாம். பயம்தான். உள்ளே போனால் அவள் பாதியில் விட்ட வேலைகள் இருக்கும், விலை கேட்டு வந்து பதில் எழுதாதவை இருக்கும்.

மறுநாள் பார்த்தால் அவள் பெட்டியும் முழுதாகச் சந்தாபுரா போய்ச் சேர்ந்திருந்தது. ஆட்டோ ரிப்ளையும் போயிருந்ததா என்று பார்த்தேன். போயிருந்தது, ஒரு எழுத்துக்கூட மாறாமல். அன்று பஸ்ஸில் திரும்பும்போது நிம்மதி மாதிரி ஏதோ ஒன்று இருந்தது. இனி எந்த மழை வந்தாலும் ஒன்றும் ஆகாது.

அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் ஓனருக்கு ஆயுத பூஜை என்றால் மற்றதெல்லாம் அப்புறம்தான். பட்டறையில் அத்தனை மிஷினையும் நிறுத்திக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை கொடுத்து அனுப்புவார். பூஜை போட்ட மிஷினை மறுநாள் விஜயதசமி பூஜை முடிகிறவரை யாரும் தொடக் கூடாது. லேத்தானாலும் சரி, ஸ்க்ரூ டிரைவரானாலும் சரி. தொம்மலூர் அலுவலகத்திலும் அதே சட்டம்தான். எல்லாக் கம்ப்யூட்டரும் பொட்டு வைத்துக்கொண்டு படுத்துவிடும். சர்வர் மட்டும் பொட்டு வைத்த பிறகும் ஓடிக்கொண்டே இருக்கும். அது அவருக்கு வருஷா வருஷம் உறுத்தல்.

அந்த வருஷம் கையில் குங்குமத்தோடு வந்து என் அறை வாசலில் நின்றார். "இப்போ ரெண்டு இருக்குதில்ல? இதுக்கு இந்த வருஷமாவது ரெஸ்ட் குடு."

"குடுக்கலாம் சார்."

"அதுக்கும் சேர்த்து?"

"ரெண்டும் ஒண்ணா படுத்துட்டா, ரெண்டு வாங்கினது எதுக்கு சார்?"

சிரித்தார். "சரி, அது அடுத்த வருஷம்."

எனக்கும் அதில் ஒரு லாபம் இருந்தது. பழையதை நிறுத்தினால் புதியது தனியாகத் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்த்துவிடலாம். சந்தாபுராவுக்கு ஃபோன் போட்டு, பட்டறை மெயினை அணைத்தாலும் சர்வர் இருக்கிற ரூமுக்குப் போகிற லைனை மட்டும் அணைக்கக் கூடாது என்று எலெக்ட்ரீஷியனிடம் சொன்னேன். பிறகு தொம்மலூர் சர்வரை முறைப்படி நிறுத்தினேன். விசிறிச் சத்தம் அடங்கியது. ஓனர் அதன் நெற்றியில் சந்தனம் வைத்து, மேலே ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தார். இரண்டு நாளும் சந்தாபுரா சர்வர் எல்லா மெயிலையும் ஒழுங்காக வாங்கியது. விஜயதசமி பூஜை முடிந்து பழையதை எழுப்பியதும் விட்டுப்போனதை எல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டது. பரவாயில்லை, நன்றாகத்தான் செய்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த நாள் காலை, அவள் நாற்காலிக்கு வந்த விற்பனைப் பெண் என் அறைக்கதவைத் தட்டினாள். அல்சூர்ப் பெண். பாட்டன் காலத்திலிருந்தே அங்கே இருக்கிற தமிழ்க் குடும்பம். எப்போதும் படபடவென்று பேசுகிறவள். அன்றைக்குக் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. அக்காகிட்டருந்து மெயில் வந்திருக்குன்னு காலைல இருந்து ஃபோன் மேல ஃபோனு. ஒருத்தரு பயந்தே போயிட்டாரு. நான் என்னன்னு சொல்லட்டும்?"

பதிவுகளைத் திறந்து பார்த்தேன். பார்த்ததும் புரிந்துவிட்டது. ஆயுத பூஜைக்கு வாடிக்கையாளர்கள் எல்லோரும் சரஸ்வதி படம் போட்டு வாழ்த்து அனுப்புவார்கள். பழைய முகவரிகளை யார் எடுக்கிறார்கள்? எல்லோருடைய பட்டியலிலும் அவள் இன்னும் இருந்தாள். அந்த வாழ்த்துகளைச் சந்தாபுரா சர்வர் வாங்கியது. பெட்டி அங்கே போயிருந்தது, மெயில்கள் போயிருந்தன, ஆட்டோ ரிப்ளை போயிருந்தது. யாருக்கெல்லாம் பதில் சொல்லியாயிற்று என்கிற குறிப்பு மட்டும் போகவில்லை. அது ரெப்ளிகேஷனில் சேராத சமாச்சாரம், அந்தந்த மிஷினோடு நின்றுவிடும். இது எனக்குத் தெரிந்ததுதான். தெரிந்தும் எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. புதிய சர்வருக்கு எல்லோருமே முதல் முறையாக எழுதுகிறவர்கள். அதனால் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் பதில் போட்டிருந்தது: நான் விடுப்பில் இருக்கிறேன், திரும்பி வந்ததும் பதில் எழுதுகிறேன்.

அவள் சாவுக்கு வந்தவர்களுக்கும் போயிருந்தது. மாலை போட்டவர்களுக்கும் போயிருந்தது.

மத்தியானம் அந்தப் பெண் மறுபடி வந்தாள். "அண்ணா, ஒசூர்ல இருந்து ஒரு சார் லைன்ல இருக்காரு. அக்காவோட பழைய கஸ்டமர். அவருக்கு விஷயமே தெரியாது போல. மேடம் வந்துட்டாங்களா, மேடம் வந்துட்டாங்களான்னு ஒரே குஷி. எனக்குச் சொல்ல வாய் வரல அண்ணா."

ரிசீவரை வாங்கிக்கொண்டேன்.

"சார், மேடம் வேலைய விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சேன். மெயிலப் பாத்ததும் அவ்ளோ சந்தோஷம் சார். அவங்க இருந்தப்ப ஒரு வால்வு மாறி வந்தாக்கூட சாயங்காலத்துக்குள்ள வேற அனுப்பிடுவாங்க. எப்ப வராங்க?"

"அவங்க இறந்துட்டாங்க சார். போன வருஷமே."

அந்த வாக்கியத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எல்லோருக்கும் அவளுடைய அண்ணன், என் மச்சான்தான் ஃபோன் செய்து சொல்லியிருந்தான்.

"நீங்க யாரு சார் பேசறது?"

"அவங்க வீட்டுக்காரர்."

அவர் என்னென்னவோ சொன்னார். அடக் கடவுளே என்றார், மன்னிச்சுக்குங்க என்றார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அப்போ முந்தாநேத்து எனக்கு பதில் போட்டது யாரு சார்?"

"மிஷின் சார். தானா போறது."

"அத நிறுத்திடலாமே சார்," என்றார். குறையாகச் சொல்லவில்லை, பாவம், எனக்காகத்தான் சொன்னார்.

சாயங்காலம் ஓனர் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அன்னிக்கு இருக்கட்டும்னு சொன்னவன் நான்தான். இனி ஆகாதுப்பா. ஜனங்க பயப்படறாங்க. நீயே பண்ணு, வேற யாரும் அதைத் தொட வேண்டாம்."

சரி என்றேன். வெளியே வந்ததும் விற்பனைப் பெண் என் பின்னாலேயே வந்தாள். "அண்ணா, ஒரேயடியா மூடிடாதீங்க. மூடினா எழுதறவங்களுக்கு முகவரி தப்புன்னு போகும். அக்கா முகவரி தப்புன்னு போறது நல்லாவா இருக்கு? அந்தப் பதில மட்டும் மாத்துங்க. நெஜத்தப் போடுங்க. கொஞ்ச நாள் போகட்டும், எல்லாருக்கும் தெரிஞ்சதும் மூடிக்கலாம்." அந்தப் பெண் சொன்னது சரியென்று பட்டது.

என் அறையில் போய் உட்கார்ந்தேன். அவள் எழுதிய ஆங்கில வாசகத்தைத் திறந்தேன். அழிக்கிற பொத்தானை அழுத்த ஒரு விநாடிகூட ஆகவில்லை. அந்த இடத்தில் ஆங்கிலத்தில் நாலு வரி எழுதினேன், எல்லாக் கம்பெனியிலும் எழுதுகிற நாலு வரி: வருந்துகிறோம், இனி இந்தப் பெண்ணுக்கு எழுதவும் என்று அல்சூர்ப் பெண்ணின் முகவரி. ஒசூர்க்காரர் மாதிரி ஆட்களுக்காக அதன் கீழே தமிழிலும் அவள் பெயரைப் போட்டு, 'இறந்துவிட்டார்' என்று எழுதினேன்.

மாற்றினால் சோதித்துப் பார்க்க வேண்டும், அது தொழில் ஒழுங்கு. வாசகம் மாறிவிட்டால் பழைய குறிப்பு செல்லாது, எல்லோருக்கும் புதிதாக ஒரு தடவை சொல்லும். என் முகவரியிலிருந்து அவளுக்கு ஒரு மெயில் எழுதினேன். என்ன எழுத? 'டெஸ்ட்' என்று எழுதினேன். தொம்மலூர் சர்வரிலிருந்து உடனே பதில் வந்தது. எந்த வழியாக வந்தது, நேரம் சரியா, எழுத்து உடையாமல் வந்திருக்கிறதா என்று பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

அடுத்து சந்தாபுரா. மெயில்களை அந்தப் பக்கம் திருப்பிவிட்டு மறுபடி 'டெஸ்ட்' என்று அனுப்பினேன். இங்கே எனக்குச் சொல்லியாயிற்று என்பது அதற்குத் தெரியாதே; கொஞ்சம் பொறுத்துப் பதில் வந்தது. இந்தத் தடவை வழியையும் நேரத்தையும் பார்க்கவில்லை. படித்தேன். மேலே அவள் பெயர், அனுப்புநர் என்று. அதற்கடியில் என் பெயர், பெறுநர் என்று. அதற்கடியில் அவள் இறந்துவிட்டாள் என்று.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மச்சானைத்தான் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். மச்சான் வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான், வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் எனக்குத் தெரியும் என்றுதான் வந்தார்கள். சாப்பிட்டாயா என்று கேட்டார்கள், தைரியமாக இரு என்றார்கள். அவள் இறந்துவிட்டாள் என்று என்னிடம் ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. அதற்கு யாருக்கும் அவசியமே வரவில்லை. இப்போதுதான் எனக்குச் சொல்லப்பட்டது.

மேஜைமேல் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். சத்தம் போட்டு அழுதேன். விற்பனைப் பெண் ஓடிவந்து கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் வெளியிலிருந்து சாத்திக்கொண்டாள். யாரோ என்னைத் தேடி வந்து அவளிடம் விசாரிப்பது கேட்டது, பிரிண்டர் ஓடவில்லை போலிருக்கிறது.

"அண்ணா வேலையா இருக்காரு," என்றாள். "அப்புறமா வாங்க."